இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம்: மருத்துவச்சி என்ன செய்வார், எப்போது கிளம்பச் சொல்வார்?

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுப் பிரசவம் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. இவை பொதுவான விவரங்கள். உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மிட்வைஃபிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே மிட்வைஃப் என்பவரும் ஊரில் பாட்டி காலத்து மருத்துவச்சியும் ஒன்றா?

பெயர் ஒன்று, வேலை வேறு. ஊர் மருத்துவச்சிக்குக் கைப்பழக்கம் இருந்தது, பொறுமை இருந்தது. ஆனால் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி இல்லை, மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று செலுத்தும் பை இல்லை, அழைத்தால் வரும் ஆம்புலன்சும் இல்லை. இங்கிலாந்தில் 1902ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மருத்துவச்சித் தொழில் பயிற்சிக்கும் பதிவுக்கும் உட்பட்டது. இன்று இத்தொழிலுக்கு வர பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடித்து, நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். திடீர் அவசரம் தவிர, பதிவு பெற்ற மிட்வைஃபோ மருத்துவரோ அல்லாத ஒருவர் பிரசவம் பார்ப்பது குற்றம். கணவர், அம்மா, தோழி எல்லோரும் கூட இருக்கலாம். பிரசவம் பார்ப்பவர் என்ற இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

இயல்பான பிரசவத்தில் மிட்வைஃபின் கைக்கு வேலை குறைவு, கண்ணுக்கும் காதுக்கும் வேலை அதிகம். எல்லாம் சரியாகப் போகிறதா என்று மணிக்கணக்கில் கவனித்து, சரியில்லாமல் போகத் தொடங்கும் நேரத்தைப் பிறர் உணரும் முன்பே கண்டுகொள்வதுதான் அவருடைய தொழில். வீட்டுப் பிரசவத்தின் பாதுகாப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதல் பிள்ளையை வீட்டில் பெறலாமா?

பெறலாம், கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆபத்துக் காரணி எதுவும் இல்லாத சுமார் 64,000 பெண்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. இரண்டாவது அல்லது அதற்கடுத்த பிரசவமாக இருந்தவர்களுக்கு, வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் குழந்தைக்கு வரும் ஆபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டில் திட்டமிட்டவர்களுக்கு சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் (கருவியால் குழந்தையை வெளியே எடுப்பது) குறைவாகவே தேவைப்பட்டன. முதல் பிரசவத்தில் நிலை வேறு. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது ஆஸ்பத்திரியின் மருத்துவர் பிரிவில் 1000 பிறப்புக்குச் சுமார் 5, வீட்டில் சுமார் 9. பாதிப்பு என்று அங்கே எண்ணப்பட்டதில் இறப்பும் உண்டு, மூளைப் பாதிப்பும் உண்டு, பிறக்கும்போது ஏற்படும் எலும்பு முறிவும் உண்டு.

இன்னொரு எண்ணும் முக்கியம். வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பிரசவக்காரிகளில் 45 சதவீதம் பேர் பிரசவத்தின்போதோ அது முடிந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் அது 12 சதவீதம். ஆகவே முதல் பிள்ளை என்றால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வருவதைக் கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு என்றே நினைத்துத் தயாராகுங்கள். இடையில் ஒரு வழியும் உண்டு: மிட்வைஃப்களே நடத்தும் பிரசவ மையம். முதல் பிரசவத்துக்கு அங்கே குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை, தலையீடுகளும் குறைவு. தயக்கம் இருப்பவர்கள் முதலில் அதைப் போய்ப் பார்க்கச் சொல்வோம்.

யாருக்கு வீடு ஏற்றதல்ல?

முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, 37 வாரத்துக்கு முன் வலி வருவது, உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பது, முந்தைய பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் லிட்டருக்கு 85 கிராமுக்குக் கீழே இருப்பது — இவர்களுக்கு மருத்துவர் பிரிவே பரிந்துரைக்கப்படும். உடல் நிறைக் குறியீடு 35ஐத் தாண்டினாலும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது கர்ப்பகாலச் சர்க்கரை. தெற்காசியப் பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பரிசோதிக்கிறார்கள். அதைத் தவிர்க்காதீர்கள். சர்க்கரை இருந்தால் பிறக்கும்போது குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்தும், பிறந்த குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் வீட்டில் சமாளிப்பது கடினம்.

இவை எல்லாம் பரிந்துரைகள். எங்கே பெறுவது என்ற முடிவு தாயுடையது. பரிந்துரைக்கு மாறாக வீட்டையே தேர்ந்தால் மூத்த மிட்வைஃப் ஒருவர் உட்கார்ந்து பேசித் தனித் திட்டம் எழுதுவார். அந்தப் பேச்சில் எதையும் மறைக்காதீர்கள்.

எப்படி ஏற்பாடு செய்வது? செலவு உண்டா?

முதல் சந்திப்பிலேயே சொல்லலாம், பிறகும் மனம் மாறலாம். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை பெற உரிமையுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. விசிட் விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கட்டணம் உண்டு. சுமார் 36 வாரத்தில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து படிக்கட்டு, வெளிச்சம், கார் நிறுத்தும் இடம், போன் சிக்னல் எல்லாம் பார்ப்பார். அப்போது மூன்று நேரங்களைக் கேளுங்கள்: ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, போன பிறகு ஆபரேஷன் தியேட்டர் வரை எவ்வளவு. மூன்றையும் கூட்டி வருவதுதான் உங்கள் உண்மையான தூரம். வரைபடத்தில் காட்டும் மைல் கணக்கு உதவாது.

ஆளில்லாத இரவுகளில் சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. அந்த இரவில் எங்கே போவது என்பதையும் எழுதி வையுங்கள். ஆங்கிலம் சரளமில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேட்டு வாங்குங்கள். கணவரோ மூத்த பிள்ளையோ மொழிபெயர்த்தால் சொல்ல வேண்டியதைத் தாய் சொல்லாமல் விடுவாள்.

மிட்வைஃப் என்னென்ன கொண்டுவருவார், நாம் என்ன தயார் செய்ய வேண்டும்?

அவர் கொண்டுவருவது: குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் கைக்கருவி, ரத்த அழுத்தமானி, என்டோனாக்ஸ் (வலிக்கு மூச்சில் இழுக்கும் வாயு) சிலிண்டர், ஆக்சிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் முதலான ஊசிமருந்துகள், சலைன் ஏற்றும் சாமான், சிறுநீர்க் குழாய், தையல் செட், வைட்டமின் கே, எடைக்கருவி.

நீங்கள் வைத்திருக்க வேண்டியது: தண்ணீர் புகாத விரிப்பு இரண்டு மூன்று, அதன்மேல் போடப் பழைய படுக்கைவிரிப்பு, பத்துப் பன்னிரண்டு பழைய டவல், பெரிய குப்பைப் பைகள், ஒரு வாளி, பெரிய சானிட்டரி பேட், நல்ல டார்ச். தையல் போடும்போது மங்கிய விளக்கு உதவாது. அறை 23 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், இரண்டு டவலை ரேடியேட்டரில் சூடாக்கி வையுங்கள். ஈரமான குழந்தை சில நிமிடத்தில் குளிர்ந்துபோகும், குளிர்ந்த குழந்தைக்கு மூச்சும் சர்க்கரையும் தடுமாறும். மேசை ஒன்றைக் காலி செய்து சுவரோரம் விடுங்கள். குழந்தைக்கு உதவி தேவைப்பட்டால் அது அங்கேதான் நடக்கும். ஆஸ்பத்திரிப் பையும் குழந்தைக்கான கார் இருக்கையும் கதவருகே இருக்கட்டும்.

குத்துவிளக்கு, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஆக்சிஜனும் என்டோனாக்ஸும் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். பூஜை அறையிலும் சிலிண்டர் போனபின் ஏற்றினால் போதும்.

தண்ணீர்த் தொட்டியில் பெறலாமா?

வெந்நீர் வலியைக் கணிசமாகத் தணிக்கும். தொட்டி வாடகைக்குக் கிடைக்கும், செலவு உங்களுடையது. 600 லிட்டர் நீர் என்றால் 600 கிலோ, அதோடு தொட்டியும் ஆட்களும். மாடிக் குடியிருப்பில் தளம் தாங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். குழாய் புதிதாக இருக்க வேண்டும். ஒத்திகையாக ஒரு முறை நிரப்பிப் பாருங்கள். பாதி நிரம்பும்போதே கொதிகலத்தில் வெந்நீர் தீர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. நீரின் சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, மணிக்கொரு முறை அளக்க வேண்டும். தாய்க்குச் சூடேறினால் குழந்தையின் இதயத்துடிப்பும் ஏறும். நாள்கணக்கில் முன்பே நிரப்பி ஹீட்டரால் சூடாக வைத்திருக்கும் வகைத் தொட்டி வேண்டாம். அப்படியொரு தொட்டியில் பிறந்த குழந்தைக்கு லெஜியோனெல்லா கிருமியால் நுரையீரல் தொற்று வந்ததால் 2014இலேயே எச்சரிக்கை விடுத்தார்கள்.

வலி தொடங்கியதும் எப்போது அழைப்பது?

முதல் பிள்ளையென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒழுங்காக வரும்போது. அடுத்த பிள்ளையென்றால் அவ்வளவு காத்திருக்காதீர்கள். இவற்றுக்கு உடனே அழையுங்கள்: பன்னீர்க்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, புதுரத்தம், குழந்தையின் அசைவு குறைவது, விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து நிற்கும் வலி.

வந்ததும் என்ன செய்வார்?

முதலில் உங்கள் மகப்பேற்று அட்டையைப் படிப்பார், பிறகு வயிற்றைத் தொட்டுக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார். கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்து வலியும் ஒழுங்காக இருந்தால்தான் பிரசவம் முழுமையாகத் தொடங்கியது என்று கணக்கு. அதற்கு முன்பென்றால் திரும்பிப் போய்ப் பிறகு வரவும் கூடும். அது புறக்கணிப்பு அல்ல. அங்கிருந்து முதல் பிரசவம் சராசரி 8 மணி நேரம் எடுக்கும், அடுத்தவை 5 மணி நேரம்.

அதன்பின் ஓர் ஒழுங்கான சுற்று ஓடும். ஒவ்வொரு 15 நிமிடமும், ஒரு வலி அடங்கிய உடனே, முழுதாக ஒரு நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார். வலி அடங்கிய உடனே என்பதற்குக் காரணம் உண்டு: வலியின்போது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைகிறது. அதைத் தாங்க முடியாத குழந்தையின் துடிப்பு வலி நின்ற பிறகும் தாழ்ந்தே கிடக்கும். முக்கும் கட்டத்தில் இது 5 நிமிடத்துக்கு ஒரு முறையாகும். தாயின் நாடியையும் கூடவே பார்ப்பார், இல்லாவிட்டால் தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று எண்ணிவிடும் தவறு நேரும். தாயின் நாடி மணிக்கொரு முறை, ரத்த அழுத்தமும் காய்ச்சலும் 4 மணிக்கொரு முறை, வலிகளின் எண்ணிக்கை அரைமணிக்கொரு முறை. உள்பரிசோதனை சுமார் 4 மணிக்கொரு முறை, உங்கள் சம்மதத்துடன் மட்டும்.

பார்க்கிறவர்களுக்கு அவர் மூலையில் சும்மா உட்கார்ந்து எழுதுவதாகத் தோன்றும். அந்தக் குறிப்பேடுதான் அவருடைய முக்கியக் கருவி. எண்கள் மெல்ல நகர்வதை அதில்தான் பிடிப்பார்.

அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார். நிறைந்த சிறுநீர்ப்பை தலையை இறங்கவிடாது, பின்பு கர்ப்பப்பையைச் சுருங்கவும் விடாது. இட்லி, கஞ்சி, டோஸ்ட் என்று இலேசாகச் சாப்பிடலாம். நடக்கலாம், மண்டியிடலாம், சோபாவைப் பிடித்துக்கொண்டு முன்சாயலாம். மல்லாந்து கிடப்பதைத்தான் அவர் விரும்ப மாட்டார்.

வலிக்கு என்ன தருவார்?

வெந்நீர், மசாஜ், பிறகு கேஸ் அண்ட் ஏர் என்று எல்லோரும் சொல்லும் என்டோனாக்ஸ். பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். இது வேலை செய்ய அரை நிமிடம் வரை ஆகும் என்பதால், வலி தலைதூக்கிய கணமே இழுக்கத் தொடங்க வேண்டும். உச்சத்தில் இழுத்தால், வலி போன பிறகு தலைசுற்றல்தான் மிஞ்சும். எபிடியூரல் (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) வீட்டில் கிடையாது. அது வேண்டும் என்று தோன்றினால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எந்தெந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்வார்?

- குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110க்குக் கீழே அல்லது 160க்கு மேலே இருந்தால், அல்லது வலி முடிந்த பின்னும் இறங்கியே இருந்தால்.
- பன்னீர்க்குட நீரில் குழந்தையின் மலம் கெட்டியாகக் கலந்திருந்தால்.
- தாயின் ரத்த அழுத்தம் அரைமணி இடைவெளியில் இரு முறை 140/90ஐத் தொட்டால், அல்லது ஒரே முறை 160/110ஐ எட்டினால்.
- காய்ச்சல் 38 டிகிரி என்றால்.
- பன்னீர்க்குடம் உடைந்து 24 மணி நேரமாகியும் பிரசவம் தொடங்காவிட்டால்.
- ரத்தப்போக்கு இருந்தால்.
- 4 மணி நேரத்தில் கர்ப்பப்பை வாய் 2 சென்டிமீட்டர்கூடத் திறக்காவிட்டால். முக்கத் தொடங்கி முதல் பிரசவத்தில் 2 மணி, அடுத்ததில் 1 மணி கடந்தும் பிறக்காவிட்டால்.

மாற்றப்படுவதற்கு மிக அதிகமாகக் காணப்படும் காரணம் இந்தக் கடைசி வகைதான். அது சைரன் அலறும் அவசரமல்ல. நிதானமாகக் காரிலோ ஆம்புலன்சிலோ போகலாம், மிட்வைஃபும் கூட வருவார். ஆபத்து எங்கே வருகிறதென்றால், ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே’ என்று குடும்பம் இழுக்கும்போது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற ஆசை புரிகிறது. ஆனால் மிட்வைஃப் கிளம்பச் சொல்வது இப்போதைய நிலையை மட்டும் வைத்து அல்ல, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது என்ன நிலை இருக்கும் என்பதை வைத்து. அவர் போகலாம் என்றால் போங்கள்.

தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடுவது அரிதானாலும் உடனடி அவசரம். தாயை மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைப்பார். கொடி நசுங்காதபடி குழந்தையின் தலையை உள்ளிருந்தே விரலால் தாங்கிப்பிடித்தபடி ஆம்புலன்சில் ஏறுவார்.

குழந்தை வெளிவரும்போது?

இந்நேரத்துக்குள் இரண்டாவது மிட்வைஃப் வந்திருப்பார். ஒருவர் தாய்க்கு, ஒருவர் குழந்தைக்கு. தலை தெரியத் தொடங்கியதும் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பிறப்புறுப்பின் அடிப்பகுதியில் வைத்துப் பிடிப்பார், முக்க வேண்டாம், ஊதி ஊதி மூச்சு விடுங்கள் என்பார். மெல்ல வந்தால் கிழிசல் குறையும். சிறு கிழிசலை வீட்டிலேயே மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைப்பார். ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருந்தால் தியேட்டரில்தான் தைக்க வேண்டும்.

தலை வந்து தோள் சிக்கிக்கொண்டால் நிமிடங்களே உண்டு. தாயின் இரு முழங்காலையும் வயிற்றோடு மடக்கி அழுத்துவார்கள், பூப்பெலும்புக்குச் சற்று மேலே இரண்டாமவர் அழுத்தித் தோளை நகர்த்துவார், பலிக்காவிட்டால் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் திரும்பச் சொல்வார்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடுபடும். மேல்வயிற்றை அமுக்குவதும் தலையைப் பிடித்து இழுப்பதும் செய்யக் கூடாதவை.

குழந்தை அழாவிட்டால்?

துவட்டித் தேய்ப்பதிலேயே பெரும்பாலான குழந்தைகள் மூச்சுவிடும். விடாவிட்டால் தலையை நேராக வைத்து முகமூடியால் ஐந்து நீண்ட மூச்சு, ஒவ்வொன்றும் 2 முதல் 3 விநாடி, நுரையீரல் விரிய. நெஞ்சு எழுகிறதா, துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பார். எழவில்லையென்றால் பெரும்பாலும் தலையின் நிலையோ முகமூடியின் பொருத்தமோ சரியில்லை என்று அர்த்தம். நெஞ்சு எழும்படி அரை நிமிடம் மூச்சு கொடுத்தும் துடிப்பு 60க்குக் கீழே என்றால், மூன்று நெஞ்சழுத்தத்துக்கு ஒரு மூச்சு. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவது பழைய வழக்கம், கேடுதான்.

நஞ்சுக்கொடி தானாக விழட்டும் என்று விடலாமா?

ஈழத்தில் இளங்கொடி என்று சொல்வது இதைத்தான். குழந்தை பிறந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். தாய்க்கு ஆபத்து மிகுந்த நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

ஊசியோடு முடிப்பதென்றால், தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டு, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டுவைத்து ஐந்து நிமிடத்துக்குள் கவ்வி, நஞ்சுக்கொடி பிரிந்த அடையாளம் கண்டபின் மெல்ல இழுத்து எடுப்பார். ஊசியில்லாமல் என்றால், தொப்புள்கொடியின் துடிப்பு நிற்கும்வரை வெட்டாமல், தாய் தானே முக்கித் தள்ளுவதற்குக் காத்திருப்பார். 1 லிட்டருக்கு மேல் ரத்தம் போவது ஊசி போட்டவர்களில் 1000க்கு 13, போடாதவர்களில் 29. அதனால் ஊசியையே பரிந்துரைக்கிறார்கள். இரத்தசோகை நம் பெண்களுக்கு அதிகம். அவர்களால் 1 லிட்டர் இழப்பைத் தாங்க முடியாது. இயற்கையாக என்ற விருப்பம் இருந்தாலும் இந்த ஓர் ஊசியை யோசித்துப் பாருங்கள் என்றே சொல்வோம்.

ஊசி போட்டு 30 நிமிடம், போடாமல் 60 நிமிடம். அதற்குள் வராவிட்டால் ஆஸ்பத்திரி. ரத்தம் 500 மில்லியைத் தாண்டி ஓடினால் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைப்பது, சிறுநீரை வெளியேற்றுவது, மேலும் மருந்து, சலைன், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அப்போதும் நிற்காவிட்டால் ஒரு கை உள்ளிருந்தும் ஒரு கை வயிற்றின்மேலுமாகக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போவார்.

வந்த நஞ்சுக்கொடியை விரித்து, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை தூக்கி எறியாதீர்கள்.

மிட்வைஃப் வரும் முன் பிறந்துவிட்டால்?

999ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள், வாசல் கதவைத் திறந்து வையுங்கள். தாய் தரையில், கீழே மெத்தென்ற விரிப்போடு. குழந்தையை இழுக்க வேண்டாம், வருவதைத் தாங்கினால் போதும். துவட்டி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு, மேலே காய்ந்த டவல் போர்த்துங்கள். கொடியை வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், பிடித்து இழுக்காதீர்கள்.

அம்மா, மாமியார், டூலா — இவர்களுக்கு என்ன வேலை?

இடுப்பைப் பிடித்துவிடுவது, கஞ்சி கொடுப்பது, மூத்த பிள்ளையைப் பார்ப்பது, ஆம்புலன்சுக்கு வழிகாட்டுவது. டூலா துணைக்கு இருப்பவர், பிரசவம் பார்ப்பவர் அல்ல. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்பே ‘முக்கு, முக்கு’ என்று சத்தம் போடுவதுதான் உறவினர் செய்யும் பெரிய தவறு. தாய் களைத்துப் போவாள், வாயும் வீங்கும்.

சேனை வைக்கலாமா? பத்தியம்?

சேனை, அதாவது பிறந்ததும் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைப்பது, வேண்டாம். தேனில் போட்டுலிசம் கிருமி இருக்கக்கூடும், ஒரு வயது வரை தேன் கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அதுதான் முதல் உணவு. தாய்க்குப் பூண்டு, மிளகு, காயச்சரக்கு எல்லாம் தாராளமாகத் தரலாம், சுறாப்புட்டு வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

பிறந்த பிறகு அவர் எப்போது போவார்?

குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் இருப்பார். கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, ரத்தம் அளவோடு இருக்கிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று பார்ப்பார், பெற்றோர் சம்மதித்தால் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி போடுவார். ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முழுப் பரிசோதனை, ஐந்தாம் நாள் குதிகாலில் ரத்தச் சோதனை.

அதற்கிடையில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்து ஊறினாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலி வந்தாலோ காத்திருக்காதீர்கள். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் காமாலை தெரிந்தால் அது அவசரம். நம் குழந்தைகளின் நிறத்தில் தோலில் சட்டென்று தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் தங்கை இதேபோல் வீட்டில் பெறலாமா?

வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே பதிவு பெற்ற இரண்டு மிட்வைஃப், மருந்துப் பை, ஆம்புலன்ஸ், ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும் ஆஸ்பத்திரி என்ற சங்கிலியை நம்பியவை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, வீட்டுக்கு அந்தச் சங்கிலி அமைக்கப்படவில்லை. இந்தியா 2018இல் மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுத் தனிப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அவர்கள் பணிபுரிவது ஆஸ்பத்திரிகளில்தான். வீடியோ பார்த்துக் கணவர் பிரசவம் பார்ப்பது வீட்டுப் பிரசவமே அல்ல, யாரும் பார்க்காத பிரசவம்.

பிறப்பை யார் பதிவு செய்வது?

பிறந்த தகவலை 36 மணி நேரத்துக்குள் மிட்வைஃப் அனுப்பிவிடுவார். பிறப்புச் சான்றிதழுக்கு நீங்கள் 42 நாளுக்குள் உள்ளூர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் உங்கள் வீட்டு முகவரி வரும். ஆஸ்பத்திரிக்கு மாறி அங்கே பிறந்திருந்தால் அதன் பெயர்.